கத்தி படாத பிரசவம்

சேலையூரில் டீச்சராக இருக்கும் அபிகாயில் பொறுமைசாலி என்று பேரெடுத்தவள். அந்தப் பேரை அடுப்பில்தான் போட வேண்டும். மாமியார் ரத்தினபாய் சபையில் பெரிய ஆள். மருமகளுக்குக் கத்தி படாமல் சுகப்பிரசவம் ஆகும், அதைச் சபை முன்னால் எழுந்து சாட்சியாகச் சொல்வேன் என்று பெண்கள் கூட்டத்தில் கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணிவிட்டாள். வயிற்றில் சுமப்பவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலி எடுத்ததும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் பெல்ட்டைக் கட்டியதும் குழந்தையின் இதயம் மெஷினில் குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அபிகாயில் ஒவ்வொரு வலியையும் தாண்டினாள். மத்தியானத்துக்கு மேல் அது மாறியது. ஒவ்வொரு வலியும் உச்சிக்குப் போய் அடங்கும்போது துடிப்பு இறங்கியது. மறுபடி ஏறுவதற்குள் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நர்ஸ் கிறிஸ்டி அவளை இடப்பக்கமாக ஒருக்களிக்க வைத்தாள். வலி கூடுவதற்காக ஏற்றிய மருந்தையும் நிறுத்தினாள். அப்படியும் சரியாகவில்லை.

"வலி வர்றப்ப கர்ப்பப்பை இறுகும்க்கா, கொழந்தைக்கு ரத்தம் கம்மியாதான் போகும். நல்லா இருந்தா தாங்கிக்கும். இதுக்கு ஆக்சிஜன் பத்தல, அதான் ஒவ்வொரு வலிக்குப் பின்னாடியும் துடிப்பு எறங்குது" என்றாள் கிறிஸ்டி.

உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று அபிகாயில் கையை நீட்டினாள். வீட்டுக்காரர்கள் பிறகு சண்டைக்கு வருவார்கள் என்று டாக்டருக்குப் பயம். புருஷன் ஃபிரெடியைப் பார்த்தார். அவன் பாங்க் ஆபீசர்தான், ஆனால் அம்மா முந்தானையை இன்னும் விடாதவன். அம்மாவைப் பார்த்தான். ரத்தினபாயோ போனில் ஸ்பீக்கரைப் போட்டு, சபைப் பெண்களை ஒவ்வொருவராக ஜெபிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஆமென் சொன்ன பிறகுதான் கையெழுத்தாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா? ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, மெஷின் சத்தத்தைக் குறை என்றாள். கிறிஸ்டி மறுத்தாள். ஃபிரெடியே எட்டிக் குறைத்தான்.

கடைசி ஆமென் வருவதற்குள் குழந்தையின் தலை இறங்கிவிட்டது, ஆபரேஷனுக்கு நேரம் தப்பிவிட்டது. கருவி போட்டு இழுத்தார்கள். பிள்ளை ஜேசன் நீலம் பாரித்து, ஈரத்துணியாய்த் துவண்டு வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்தினபாய் சாட்சி சொன்னாள், சபை கைதட்டியது. பிள்ளை ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான்.

இப்போது ஜேசனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு. இன்னும் கழுத்து நிற்கவில்லை. எந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாலும் முதல் கேள்வி, பிறந்ததும் அழுதானா என்பதுதான். ரத்தினபாய் முந்திக்கொண்டு ஏதாவது சொல்வாள், அபிகாயில் வாயை மூடிக்கொண்டிருப்பாள். போன வாரம் வண்டலூரில் புது டாக்டரும் அதையே கேட்டார். சுகப்பிரசவம் டாக்டர், கத்தியே படலை என்று கிழவி ஆரம்பித்தாள்.

"அழல சார்" என்றாள் அபிகாயில். "மூச்சு முட்டுதுன்னு வயித்துக்குள்ள இருந்து சொல்லிக்கிட்டே இருந்தான். சாட்சி சொல்றதுக்காக இவங்க அவனக் காக்க வெச்சாங்க."