பாதி முகம் துடைத்த நாள்

போன வாரம் என் மகள் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் குளியலறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கல்லூரி விழாவுக்குள் நிறம் கூட வேண்டும் என்று, போனில் விளம்பரம் பார்த்து வாங்கிய க்ரீம். டப்பாவில் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. வேலூருக்குக் கொண்டு ஓடினோம். தோல் பழையபடி ஆகிவிடும், நாளாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கண்ணாடி பார்ப்பதில்லை. நான் ஏதாவது சாக்கு வைத்து அவள் அறைக்குள் போய்ப் போய் வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், “காதுக்குப் பின்னால வச்சிப் பாத்தியாடி?” என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேனாம். அது என் பேச்சு இல்லை, அத்தையின் பேச்சு.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தை திருப்பதியில் ஒரு பெரிய துணிக்கடையின் கீழ்த்தளத்தில், அழகுசாதனக் கவுண்டரில் வேலை பார்த்தாள். தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்வாள். நிறம் பொருந்துகிறதா என்று கையில் பூசிப் பார்க்க விடமாட்டாள். தாடையில் ஒரு கோடு போட்டு, கழுத்தோடு சேருகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் கடை வாசலில், பகல் வெளிச்சத்தில். “ட்யூப் லைட்ட நம்பாதீங்கம்மா, அது எல்லாரையும் செவப்பாத்தான் காட்டும்” என்பாள். மலையிலிருந்து மொட்டையோடு இறங்கி வருகிறவர்களுக்குத் தலை எரிச்சல் அடங்க என்ன தடவலாம் என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

அத்தை நல்ல கறுப்பு. கம்பெனி அனுப்பிய பூச்சு அவளைவிட இரண்டு படி வெளுப்பு. அதைப் பூசிக்கொண்டுதான் கவுண்டரில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் கிறிஸ்தவ சபையிலோ பவுடரே அதிகம் என்று நினைக்கிறவர்கள் இருந்தார்கள். ஆகவே காலையில் கடையில் பூசி, மாலையில் பஸ் ஏறுவதற்கு முன் துடைத்துவிடுவாள். நைனாவுக்கு அவள் சம்பளத்தில் ஆட்சேபம் இல்லை, முகத்தில்தான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். கோடை விடுமுறையில் ஒரு நாள் என்னையும் கடைக்குக் கூட்டிப்போனாள். மத்தியானம் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் தெலுங்கில்தான் ஆரம்பிப்பார்கள். இவர் எடுத்த எடுப்பில் தமிழில், “மூஞ்சிக்குப் போட இன்னாம்மா இருக்குது?” என்றார்.

அத்தை நாலைந்து பாட்டில்களை எடுத்து வைத்தாள். அவர் பாட்டில்களைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார், கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்தார், மறுபடி அத்தையைப் பார்த்தார். பணம் போதுமா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“உனக்குப் பொறந்ததுலருந்தே இந்தக் கலர்தானா?”

அத்தை திறந்திருந்த கைப்பையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பஞ்சில் கிளென்சிங் மில்க்கை ஊற்றி, நெற்றி நடுவிலிருந்து மூக்கு, உதடு, தாடை என்று தன் முகத்தின் இடது பாதியை மட்டும் நிதானமாகத் துடைத்தாள். பஞ்சு கோதுமை மாவு நிறத்துக்கு வந்தது.

“வாசலுக்கு வாங்கம்மா. வெளிச்சத்துல பாத்துக்குங்க.”

நானும் பின்னால் ஓடினேன். வெயிலில் நின்று அத்தை இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். “இது கம்பெனி குடுத்தது. இது எங்கம்மா குடுத்தது. நல்லா பாத்துக்குங்க. வீட்டுக்குப் போனப்புறம் ஏமாந்துட்டேன்னு சொல்லக் கூடாது.”

“தைரியந்தான் உனக்கு” என்றார் அந்த அம்மா. பிறகு உள்ளே வந்து அந்தக் கிளென்சிங் மில்க்கிலேயே பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை அத்தை மறுபாதியைத் துடைக்கவில்லை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பூசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டதா என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்டார். அத்தை சித்தூருக்கு ஒன்றரை டிக்கெட் கேட்டாள்.

“அத்தே, இந்தப் பக்கம் தொடைக்கல.”

“இருக்கட்டும். உங்க நைனா பாக்கட்டும்.”

நைனா பார்த்தார். “இன்னாம்மா இது வேஷம்?” என்று எழுந்துவிட்டார்.

அத்தைக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். “நைனா, தங்கக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தாங்க! அத்தை பாதி மூஞ்சிய தொடைச்சிக் காட்னாங்க. பெரிய பாட்டிலே வாங்கிக்கினு போய்ட்டாங்க!”

நைனா உட்கார்ந்துவிட்டார். “குடிபாலாக்காரம்மாவா?”

“நான் பேரு கேக்கல. பையில என் போட்டோ இருந்துச்சு” என்றாள் அத்தை.

சித்தூர்ப் பக்கத்துக் குடிபாலாவில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைச் சபை உபதேசியார் பார்த்து வைத்திருந்தார். கடைக்கு வந்தது அவருடைய அம்மா. நைனா ஸ்டூடியோவில் சொல்லி அத்தையின் படத்தை நன்றாக வெளுக்கவைத்து அனுப்பியிருந்தார். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அத்தைக்கும் பிடித்திருந்தது. இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“கொஞ்சம் சும்மா இருந்திருக்கக் கூடாதா நீ? எல்லாம் கூடி வந்துக்கினு இருந்துச்சே” என்றார் நைனா. கோபம் போய், கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அத்தை வலது கன்னத்தைத் தொட்டாள். “நீ அனுப்புன பொண்ணு இவ.” இடது கன்னத்தைத் தொட்டாள். “உன் தங்கச்சி இவ. கல்யாணம் யாருக்குண்ணா?”

அம்மா சோறு போட்டாள். அத்தை அந்த முகத்தோடேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் நைனாவிடம் வந்தார். “ஜெபிச்சுப் பாத்தாங்களாம். தெளிவு கிடைக்கலையாம்.” எங்கள் சபைகளில் சம்பந்தம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தெளிவு கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். ஒரு கவரைக் கொடுத்தார். நைனா அதைப் பைக்குள் வைப்பதற்குள் அத்தை வாங்கிப் பிரித்தாள்.

நான் எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவையில் வெள்ளைவெளேரென்று யாரோ ஒரு பெண்.

“யாரு அத்தே இது?”

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அத்தை என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். “உங்க நைனாவக் கேளுடி” என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் வந்தது.

நானும் கூடச் சிரித்தேன். கவரில் ஏதோ திரும்பி வந்திருக்கிறது என்பது வரை எனக்குப் புரிந்தது. அந்தப் பெரிய பாட்டிலையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்பதுதான் அன்றைக்கு என் கவலை.