ஃபிலோமினா டீச்சரின் பழுப்புக் கடல்

கச்சேரி சாலையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் பள்ளியின் பழைய பியூன் சைக்கிளை நிறுத்தி, ஃபிலோமினா டீச்சர் விடியற்காலையில் இறந்துவிட்டதாகச் சொன்னார். பொறுக்கிய காயைத் திரும்பக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரிடம் ஓவியம் படித்தவர்களுக்குத் தெரியும், டீச்சரின் கடலில் படகு இருக்காது, அலை இருக்காது. நாலைந்து வண்ணப் பட்டைகள்தான். "கடல் எங்கே?" என்று ஆசிரியர் அறையில் அவரை அதிகம் சீண்டியவள் தமிழ் டீச்சரான நான்தான். வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் வரைவதாகச் சொல்லி, டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளுவார்.

ஓய்வு பெற்றபின் இரண்டு கண்ணிலும் புரை. படியில் தடுமாற ஆரம்பித்தார். வேண்டாம் என்றவரை நச்சரித்து, முதலில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்ய நானே அழைத்துப் போனேன். அடுத்தது இடது கண் என்று என் கணக்கு. கட்டுப் பிரித்த மறுநாள் பெசன்ட் நகரில் அவர் வீட்டுக்குப் போனால், பத்து வருடப் படங்களையும் சுவரோரம் சாய்த்து வைத்து முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் பழுப்பா இருக்கு ராஜி. நீலம்னு நெனச்சுத்தான் வெச்சேன்."

அதன்பின் எட்டு மாதம் தூரிகையைத் தொடவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஒரு மாலை ஊரூர் குப்பத்துக் கரையில் அவருடன் நின்றேன். ஒரு கண்ணை மூடிக் கடலைப் பார்ப்பார், பிறகு அதைத் திறந்து மற்றதை மூடுவார். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "இன்னா டீச்சரம்மா, கடலப் பாத்துக் கண்ணடிச்சிக்கினு கீற?" என்றாள். சிகிச்சை செய்த கண்ணில் நீலமாகவும் புரை இருக்கும் கண்ணில் பழுப்பாகவும், கண்ணுக்கு ஒரு கடலாகத் தெரிவதை டீச்சர் விளக்கினார்.

"ரெண்டும் வெச்சிக்கோயேன். யாரு கேக்கப் போறா?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளே இரண்டு கடலையும் வரைய உட்கார்ந்தார். இடது கண்ணை மட்டும் கடைசிவரை மருத்துவரிடம் காட்டவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. என்மேல் கோபமா என்று ஒருமுறை கேட்டேன்.

"இருந்துச்சு. எட்டு மாசம் இருந்துச்சு."

அடக்கம் முடிந்தபின் அவருடைய அண்ணன் மகள், பிடித்த படத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எல்லோரும் நீலப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழுப்பில் ஒன்றை எடுத்தேன். நீலக் கடலை எலியட்ஸ் கடற்கரைக்குப் போனால் நானே பார்த்துக்கொள்வேன். இந்தக் கடலைப் பார்க்க அவருடைய இடது கண் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதையும் சரிசெய்ய நினைத்தவள் நான்.