அம்மாவின் நீலம்

என் வேலை என்னவென்று அக்காவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விருத்தாசலத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். நான் எழுதிய லைப்ரரி, அதாவது மற்ற ப்ரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் தொகுப்பு, மரம் மாதிரி கிளைவிட்டிருக்கும் தகவல்களுக்கானது. மேலே இருப்பதற்கு ஒரு குணம் கொடுத்தால், கீழே உள்ள அத்தனைக்கும் அது தானாக இறங்கும். வேண்டாமென்றால் அந்தக் கிளைக்கு மட்டும் வேறு சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் காலியாக விட்டால், அது போய்த் தனக்கு மேலே இருக்கும் தாயைக் கேட்கும்.

"அவ்ளோதானா? இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்றாள் அக்கா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளுடைய பீங்கான் பட்டறைக்கே அதைப் போட்டுக் கொடுத்தேன்.

சுற்றுவட்டார மாதா கோயில்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்யும் வேலை அப்போது வந்திருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். இது சரிப்படவில்லை என்றால் பட்டறையை மூடிவிட்டு துபாய்க்கே வந்துவிடுவதாக, அங்கே வேலை பார்க்கும் தன் கணவருக்கு, என் மாமாவுக்கு, வாக்குக் கொடுத்திருந்தாள். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

பொம்மைகளை அவளே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மாதாவுக்கு நீலம், இடையர்களுக்குப் பழுப்பு, ஆடுகளுக்கு வெள்ளை. எந்தத் தட்டுப் பொம்மைகளை எந்தப் பூச்சு வாளியில் முக்க வேண்டும் என்று சீட்டு அச்சாகி வந்தது. சூளைக்குப் போகும்முன் எல்லாப் பூச்சும் வெளிறித்தான் இருக்கும், நிறம் நெருப்பில்தான் எழும். அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சூளையைத் திறந்தோம். பாலன் இயேசு அத்தனை பேரும் நீலம்.

பக்கத்துப் பட்டறை அம்மா எட்டிப் பார்த்து, "கிருஷ்ணன் ஜோரா வந்திருக்குது, எங்க வூட்டுக்கும் ஒண்ணு குடுங்க" என்றார்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கம்ப்யூட்டரில் மரத்தைத் திறந்து பார்த்தேன். பாலனை மாதாவுக்குக் கீழே போட்டு, நிறத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"ஏங்க்கா இங்க வெச்ச?"

"பச்சப்புள்ளைய அம்மாகிட்ட வெக்காம வேற எங்கடி வெக்கிறது?"

என் லைப்ரரியும் அந்த அம்மாவைத்தான் கேட்டிருக்கிறது.

மறுநாள் ஆர்டர் கொடுத்திருந்த பங்குச் சாமியார் பொம்மைகளை ஏற்றிப்போக வேனோடு வந்தார். அக்கா அழுதுகொண்டே காட்டினாள். அவர் ஒரு நீலப் பாலனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா அழுவுற? கிறிஸ்துமஸ் ராப்பூசைக்கு முன்னாடி எந்தக் கோயில்ல பாலனைக் குடில்ல வெக்கிறாங்க? அதுவரைக்கும் அவரு படுக்குற தொட்டி சும்மாதான கெடக்கும். மத்ததை இப்பக் குடு, பாலனைப் பண்டிகைக்குள்ள செஞ்சு குடுத்தாப் போதும்."

பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம், பதற்றத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பாலனுக்கு வெள்ளை என்று அக்கா தன் கையாலேயே கம்ப்யூட்டரில் அடித்தாள். மாதாவிடமிருந்து அவரை வேறு இடத்துக்கு மாற்ற மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. புதுப் பாலர்கள் பண்டிகைக்கு முன்பே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தார்கள். சேத்தியாத்தோப்புப் பாலனை நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது மாமா போனில் இருந்தார். "என்னா முடிவு பண்ணின? டிக்கெட் போடட்டா?"

"போடுங்க" என்றாள் அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கில்லைங்க, உங்களுக்கு. இங்க பட்டறையில ஆளு பத்தல."