ஆடு மேய்ந்த ஜினியா

காய்ந்த ஜினியாப் பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் இதழ்கள் நொறுங்கி, அடியிலிருந்து தட்டையான விதைகள் உதிரும். கூடவே வைக்கோல் போல ஒரு வாடை. நேற்று செம்பூர் வீட்டுப் பால்கனியில் கசக்கிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஒரு ஆடுதான் நினைவுக்கு வந்தது.

அப்போது தாராவியில் இருந்தோம். அறைக்கு மேல் அறை, அதற்கும் மேலே பக்கத்து வீட்டோடு சேர்ந்த சிமெண்ட் தளம். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன புதிது. எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். எண்ணெய் டின்னில் ஓட்டை, மண்ணில் உரம், மழை நேரே அறையாத வெயில் மூலை. எல்லாம் சரிபார்த்து விதை போட்டேன். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருமுனையில் மாதா சிலை வைத்த சின்னக் கெபி உண்டு. செப்டம்பர் திருவிழாவில் ஒவ்வொரு நாள் அலங்காரமும் ஒவ்வொரு வீட்டின் முறை. பூவுக்கு எல்லோரும் தாதர் மார்க்கெட்டுக்குத்தான் ஓடுவார்கள். அம்மா கெபி முன்னால் நின்று, தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள்: "இந்த வருசம் எங்க மொறைக்குத் தாதர் பூ கெடையாது. எம் மவ வளத்த பூதான்."

முதல் மொட்டுகள் தலைகாட்டிய வாரம், பக்கத்து வீட்டு மைமூன் அத்தை பக்ரீத்துக்கு ஆடு வாங்கினாள். கீழே ஆள் நிற்கவே இடமில்லை. மாமா அதைத் தோளில் தூக்கி, இரும்பு ஏணியேறித் தளத்தில் கட்டினார். மாலையில் நான் வந்து பார்த்தால் ஒவ்வொரு செடியும் மொட்டை.

"கயிறு எட்டாதுன்னுதான்ட்டி நெனச்சேன். அது கழுத்து நீளத்த யாரு கண்டா?" என்றாள் அத்தை.

அம்மா என்னைத்தான் பிடித்தாள்: "டிப்ளமோ படிச்சவ, ஆடு வரும்னு யோசிக்கலியே! தெருவுல எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

உண்மைதான். என் பட்டியலில் ஆடு இல்லை. பக்ரீத்தன்று அது பிரியாணியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கோபம் தீராமலே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. கடித்த இடத்துக்குக் கீழே, இலைக்கணுக்களில் இரண்டிரண்டாகக் கிளை வெடித்தது. கிளைக்குக் கிளை மொட்டு. எங்கள் முறை வந்த நாளில் சிவப்பும் ஆரஞ்சும் ரோஸுமாக வாளி நிறையப் பறித்தோம். மாதாவின் காலடி தெரியவில்லை.

"தாதர்ல எந்தக் கடைல வாங்கின?" என்று ஒருத்தி கேட்க, அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "எங்க மாடில."

பார்க்க வந்திருந்த மைமூன் அத்தை என் காதோரம் குனிந்தாள்: "எங்க ஆடும்லா மாதாவுக்கு வேல செஞ்சிருக்கு!"

நுனியைக் கிள்ளினால்தான் ஜினியா கிளைக்கும் என்று பிற்பாடு படித்தேன். அந்தச் செடிகளில் காய்ந்த பூவிலிருந்து எடுத்த விதையின் வாரிசுகள்தான் இந்தப் பால்கனியில் நிற்பவையும். இதுவரை விதைக்கென்று கடைக்குப் போனதில்லை. அந்தத் தளம் இடிபட்டுவிட்டது. அத்தை வீட்டார் கல்யாண் பக்கம் போய்விட்டார்கள். இந்தப் பதினான்காவது மாடிக்கு எந்த ஆடும் ஏறி வராது. கிள்ளுகிற வேலையும் இப்போது என்னுடையதுதான்.