காலியாக அனுப்பாத தொட்டில்

பெருங்களத்தூரில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு மரத்தொட்டில் நிற்கிறது. அதற்குள் குழந்தை இல்லை, ஒரு தேங்காய் இருக்கிறது. தொட்டிலைக் காலியாக ஒரு வீட்டுக்கு அனுப்பவும் கூடாது, காலியாக வைத்திருக்கவும் கூடாது என்பது அத்தையின் முறை.

அத்தை என் அப்பாவின் அக்கா. மேற்குத் தாம்பரத்தில் என் பிறந்த வீட்டுக்கு எதிர்வீடு. தன் ஒரே மகனுக்காக அவர் செய்யச் சொன்ன தொட்டில், அவன் நடக்கத் தொடங்கியதும் தெருவுக்கே பொதுவாகிவிட்டது. ஒரு வீட்டுக் குழந்தை எழுந்து நிற்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து கேட்டு வந்துவிடுவார்கள். நான் பள்ளிக்குப் போன நாட்களில் அது அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்ததே இல்லை. ஒருமுறை இரண்டு கர்ப்பிணிகள் அதற்காக வாசலில் மல்லுக்கு நின்றார்கள். "இன்னாடி இது, ரேஷன் கடையா? எவளுக்கு மொதல்ல வலி வருதோ அவ தூக்கிகினு போவட்டும்" என்றார் அத்தை. சண்டை போட்டவர்களே சிரித்துவிட்டார்கள்.

பிறகு எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டார்கள். தொட்டிலில் தூங்கி வளர்ந்தவர்கள் படித்து பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை. நானும் படிப்பு, வேலை, வீட்டுக் கடன் என்று முப்பதைத் தாண்டித்தான் பெற்றேன். கேட்க ஆளில்லாமல் தொட்டில் அத்தை வீட்டுக்கே திரும்பியபோது அவர் வருந்தவில்லை. மகன் கல்யாணமாகிக் கனடாவில் இருந்தான். "என் பேரனுக்காக வூடு தேடி வந்துகீது" என்று உள்ளே தேங்காயை வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் இருக்கும்போதே வீடியோ காலில் மகன் சொன்னான்: "எங்களுக்குக் கொழந்த வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்மா. இனிமே கேக்காத."

அத்தை, "சரிப்பா. சாப்ட்டியா?" என்றார்.

நான் உண்டானதும், கேட்காமலே குட்டியானை வண்டியில் தொட்டில் வந்து இறங்கியது, தேங்காயோடு. "அடுத்து யாருக்குன்னு விசாரிச்சு வை. இங்க மட்டும் திருப்பி அனுப்பாத, என்னால பாத்துகினு இருக்க முடியாது" என்றார் ஃபோனில்.

அத்தை இறந்தபோது மகன் வந்து சேரும்வரை காத்திருந்தோம். தோள் கொடுக்கத் தெருவில் இளைஞர்கள் இல்லை. அந்தத் தொட்டிலில் படுத்தவர்கள் எல்லாம் ஃபோன் வழியாகப் பார்த்து அழுதார்கள். மகனோடு, மூட்டுவலிக்காரரான என் அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் தூக்கினார்கள். பாதியில் அமரர் ஊர்தி டிரைவர் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

என் மகள் தொட்டிலை விட்டதும் அந்தத் தேங்காயை மறுபடி உள்ளே வைத்திருந்தேன். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், தொட்டில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டேன். "புதுசா வாங்கிட்டோம் சிஸ்டர்" என்று ஒரே ஒரு பதில் வந்தது. நாமே இன்னொன்று பெற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றும். தொட்டிலுக்காக யாராவது பிள்ளை பெறுவார்களா என்று உடனே என்னையே திட்டிக்கொள்வேன். ஆனால், நாளைக்கு என்னையும் கணவரையும் மகள் ஒருத்தியாக எப்படித் தூக்குவாள் என்ற பயம் மட்டும் போவதில்லை.

நேற்று அந்தத் தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டினேன். தண்ணீர் வற்றியிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன்.

"யாருக்கும்மா இது?" என்றாள் மகள்.

அவள் தொட்டிலை மெல்ல ஆட்டினாள். தேங்காய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டது.