கை மாறி வந்த மாத்திரை

கொரோனா ஊரடங்கின் முதல் ஏப்ரல் அது. நாங்கள் அப்போதும் இப்போதும் குடியிருப்பது மும்பை பாண்டுப்பில்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற ஒன்று வெளியேயும் கட்டியாக வளர்ந்து, மாதவிலக்கு நாட்களில் எழுந்து நிற்கவிடாமல் வலிக்கும். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் அங்கே எல்லாம் கொரோனா வார்டாகிவிட்டது. டாக்டரம்மா வீடியோ காலில் வந்தார்.

"ஆபரேஷன் இப்ப முடியாதும்மா. அந்த ஹார்மோன் மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. விட்டா வலியும் ரத்தப்போக்கும் திரும்பிடும். வந்து படுக்க இங்க பெட்டும் இல்ல."

பாண்டுப்பில் எந்தக் கடையிலும் அந்த மாத்திரை இல்லை. தேடிப் போன என் கணவரைப் போலீஸ் திருப்பி அனுப்பியது. அட்டையில் மீதி இருந்தது இரண்டு நாளைக்கு.

கூச்சத்தை விட்டுவிட்டு ரயில் சிநேகிதிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். காலையில் அம்பர்நாத்திலிருந்து வரும் லோக்கலில், லேடீஸ் பெட்டியில் ஒன்றாகப் போகிறவர்கள் நாங்கள். பாண்டுப்பில் ஏறுகிறவளால் உள்ளே நகரவே முடியாது. வாசலில் நின்றபடி கைப்பையை நீட்டினால், தலைகளுக்கு மேலாகக் கை மாறி மாறிப் போய் ரேக்கில் உட்கார்ந்துவிடும். இறங்கும்போது அதேபோலத் திரும்பி வரும். யார் கை என்று நான் பார்த்ததே இல்லை.

அம்பர்நாத் சிநேகிதி உடனே போன் செய்தாள். திருநெல்வேலிக்காரி.

"ஏட்டி, இங்கன மெடிக்கல்ல இருந்துச்சு. வாங்கிட்டேன்."

"வாங்கி என்ன செய்ய? டிரெயினே ஓடலையே!"

"டிரெயின் இல்லன்னா கையும் இல்லாமப் போச்சா? பை ரேக்குக்குப் போற மாரி வந்து சேரும். நீ சும்மா கெட."

மறுநாள் மாலை, கேட்டுக்கு வெளியே முகக்கவசத்துடன் ஒரு பெண். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். முன்பின் பார்த்ததில்லை. ஒரு துணிப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். அம்பர்நாத்திலிருந்து டியூட்டி பஸ்ஸில் வந்த ஒரு நர்ஸ், முலுண்டில் ஒரு காய்கறிக்கார அம்மாவிடம் கொடுத்தாராம். அந்த அம்மா இவரிடம்.

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்புடுதது எல்லாம் கெடக்கட்டும்க்கா. முதல்ல கையக் கழுவுங்க" என்று அவரும் திருநெல்வேலிப் பேச்சிலேயே சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பைக்குள் மாத்திரை அட்டைகள். அவற்றின் அடியில், நான் கேட்கவே கேட்காத ஒரு வெந்நீர்ப் பை. அடிவயிற்றில் வைத்துக்கொள்வதற்கு! எதையும் விவரமாகத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன் நான். சிநேகிதி மூலமாக ஒவ்வொருவரையும் விசாரித்தேன். "நான் வைக்கல" என்றார்கள் எல்லோரும்.

ஊரடங்கு தளர்ந்தபின் ஸ்கேன் எடுத்தோம். கட்டி சுருங்கியிருந்தது. முன்பெல்லாம் ஆபரேஷனைத்தான் முதலில் யோசிப்போம், இப்போது பலருக்கு மாத்திரையிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார் டாக்டரம்மா. இன்றுவரை எனக்குக் கத்தி தேவைப்படவில்லை.

இப்போதும் லோக்கலில் தலைக்கு மேல் ஒரு பை வந்தால், யாருடையது என்று திரும்பிப் பார்க்காமல், இரண்டு கையாலும் வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்கிறேன். அந்த ஏப்ரலில் நானும் அப்படித்தான் முகம் தெரியாதவர்களின் கைகளில் இருந்தேன்.