ஒரே கையில் இரண்டு பிரேக்

என் மனைவி செண்பகத்துக்குச் சைக்கிள் வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

கடையில் மாட்டியிருப்பதை இறக்கி வாங்குகிற சைக்கிள் இல்லை இது. கோயம்புத்தூரில் பிரபு என்று ஓர் இளைஞர், ஆளுக்கு அளவெடுத்து ஃபிரேம் செய்கிறார். மூட்டை கட்டிக்கொண்டு நாள்கணக்கில் ஊர் ஊராகப் போவதற்கான டூரிங் சைக்கிள். ராஜபாளையத்தில் இருக்கும் ஒரு போலீஸ் ஏட்டம்மாவுக்கு இது எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விசேஷத்துக்குப் போகும்போது எங்கள் வாடகை வேன் டயர் வெடித்துக் கவிழ்ந்தது. நான் சிராய்ப்போடு வெளியே வந்தேன். செண்பகத்தின் இடது கை வேனுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கையைக் காப்பாற்றிவிட்டார்கள். விரல்கள்தான் மடங்குவதில்லை. ஹேண்டில்பார் மேல் அந்தக் கையை ஊன்றிக்கொள்ளலாம். பிரேக் பிடிக்க முடியாது.

கையைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அவள் கார், பஸ், வேன் எதிலும் ஏறவில்லை. கதவைச் சாத்தினாலே மூச்சு முட்டும், வியர்த்துக் கொட்டும். ஸ்டேஷனுக்கு என் ஸ்கூட்டரில்தான் வருவாள். திறந்த வண்டி, குதித்துவிடலாம் என்ற தைரியம்.

"எனக்குன்னு ஒரு வண்டி வேணுங்க," என்றாள் ஒருநாள். "பிரேக் என் கையில இருக்கணும். எம்புட்டு தூரமானாலும் நானே போயிக்குவேன்."

பிரேக் அவள் கையில்... எந்தக் கையில்?

அங்கே தொடங்கியது என் பயம்.

பிரபு வீடியோ காலில் வந்தார். செண்பகத்தின் உயரம், கை நீளம், கால் நீளம் எல்லாம் கேட்டார். அவள் நல்ல உயரம். ரெடிமேட் சைக்கிள் எதுவும் சரிப்பட்டு வராது. இரும்பு ஃபிரேம் என்று முடிவானது. வழியில் உடைந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாமாம். எனக்கு 'உடைந்தால்' என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

கியர் மாற்றும் லீவர் வலது பக்கம் மட்டும். குழியைத் தாங்கும் தடித்த டயர். இடது உள்ளங்கையை ஊன்ற அகலமான ரப்பர் பிடி. பிறகு பிரேக். வலது கையில் ஒரே லீவர். அதை அமுக்கினால் முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும்.

"கேபிள் அறுந்தா?" என்றேன்.

"ரெண்டு கேபிளுங்க சார். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும்."

"லீவரே உடைஞ்சா?"

பிரபு கொஞ்சம் யோசித்தார். "சார், வண்டி ஓட்டப் போறது நீங்களா, மேடமாங்க?"

செண்பகம் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கேரியர், மட்கார்டு, சீட் எல்லாம் அங்கேதான் முடிவாயின. சைக்கிளுக்குக் கண்ணாடி வேண்டும் என்று நான் கதவுக்கு வெளியே நின்று கத்தியது மட்டும் நிறைவேறியது.

சைக்கிள் வந்தது. கரும்பச்சை. அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பழகினாள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்வருவதாகச் சொன்னாள். மடவார் வளாகம் கோயிலில் ஒரு கும்பிடு, உடனே திரும்புவது.

"நானும் பின்னால வாரேன்," என்றேன்.

"வாங்க. ஹாரன் மட்டும் அடிக்காதீங்க."

அந்த ரோடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லாரி, மில் பஸ், கேரளா போகிற கார்கள் எல்லாம் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகும். என் கண் அவளுடைய வலது கையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் சைக்கிள் லேசாக ஆடும். நான் என் ஸ்கூட்டர் பிரேக்கை அமுக்குவேன்.

ஊர் நெருங்கும்போது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களுக்கு நடுவே புகுந்தது. முந்த வழியில்லை. எதிரே வரிசையாக பஸ். டிராக்டர் ஒருவழியாக ஒதுங்கியபோது முன்னால் ரோடு காலியாக இருந்தது.

செண்பகம் இல்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். மடவார் வளாகத்துக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்... கூட்டம்.

ரோட்டோரம் ஒரு கூட்டத்தைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? யாருக்கு என்ன என்று எட்டிப் பார்ப்போம். அன்று எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கால்களுக்கு நடுவே கரும்பச்சை ஃபிரேம் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமலே விட்டேன். அது விழுந்த சத்தம் பின்னால் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

செண்பகம் ரோட்டில் மண்டியிட்டிருந்தாள். சுடிதாரெல்லாம் ரத்தம்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள், என் முகத்தைப் பார்த்ததுமே. "இவருக்குத்தான்."

அவள் முன்னால் ஒரு பெரியவர் கிடந்தார். ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவர் விழுந்தது செண்பகத்தின் சக்கரத்துக்கு முன்னால். அவள் பிரேக்கை அமுக்கியிருக்கிறாள். அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி சைக்கிள் நின்றதாம். டீக்கடைக்காரர் சொன்னார். ஒரு சாண்! லீவர் உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டவன் நான்.

பெரியவருக்குச் சொந்த ஊர் மகாராஜபுரம். மகளைப் பார்க்க வந்தவர். செண்பகம் தன் துப்பட்டாவை மடித்து அவர் தலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"விட்டுட்டுப் போயிராத தாயி."

"போகல ஐயா. கண்ணை மூடாதீங்க. மக பேரு என்ன, சொல்லுங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவரைத் தூக்கி ஏற்றினார்கள். பின்கதவைப் பிடித்துக்கொண்டே உள்ளே இருந்தவர் கேட்டார். "கூட யாரு வாரீங்க?"

கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. செண்பகம் அந்தக் கதவைப் பார்த்தாள். இரண்டு வருடம் கழித்து ஒரு வேனின் உள்பக்கத்தை அத்தனை அருகில் பார்க்கிறாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. எனக்குத் தெரியும், இது வெயிலால் வந்த வியர்வை இல்லை.

"நான் போறேன் செண்பகம். நீ சைக்கிளைப் பாத்துக்க."

"தாயி..." என்றார் உள்ளேயிருந்து பெரியவர்.

அவள் ஏறிவிட்டாள். கதவைச் சாத்தினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இப்போது பயம் யாருக்காக? பெரியவருக்காகவா, இவளுக்காகவா? உள்ளே மூச்சு முட்டினால் யாரிடம் சொல்வாள்?

சைக்கிளை டீக்கடையில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பெரியவருக்குத் தையல் போட்டிருந்தார்கள்; உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மகள் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்.

"எப்படி ஏறின? பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயந்துக்கிட்டேதான் போனேன். வழியெல்லாம் உசிரு என்கிட்ட இல்ல," என்றாள். "பயம் போன பொறவு ஏறிக்கலாம்னு நின்னா, ஆம்புலன்ஸ் நிக்குமா?"

பயப்படாதவர்கள்தான் தைரியசாலிகள் என்று நாமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அவர்களும் நம்மைப் போலத்தான் வியர்க்கிறார்கள். வியர்த்துக்கொண்டே ஏறிவிடுகிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை அவள் தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறாள். தனியாக. பின்னால் ஸ்கூட்டர் வரக் கூடாது என்று உத்தரவு. நான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறேன். கை நடுங்கத்தான் செய்கிறது. காற்றும் ஏறத்தான் செய்கிறது.